நிலா என்று பெயர் வைக்கும் முன்: ஈரெழுத்துப் பெயரின் பொருள், பிறப்பிடம், பரவல் ஆகியவற்றை அறியும் முறை

குமரி மாவட்டத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடத் தொடங்கும் வீடுகளில் இன்று முதலில் எழும் நிபந்தனை, பெயர் ஈரெழுத்தில், மிஞ்சினால் மூன்றெழுத்தில் அடங்க வேண்டும் என்பதே. பாட்டாவுக்குச் சொரிமுத்து என்றோ மரியசூசை என்றோ தேவசகாயம் என்றோ பெயர் இருந்திருக்கும்; அந்த நீளத்தை இப்போதைய பெற்றோர் விரும்புவதில்லை. பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்தோடு சேரும்போதும், வளைகுடா நாட்டு வேலைக்கான தாள்களில் தகப்பன் பெயரோடு இணைந்து நீளும்போதும் சிறிய பெயர் வசதியாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும், சிறிய பெயரைத் தேர்ந்தெடுப்பது பெரிய பெயரைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் கடினமான வேலை என்பதை, உறவினர் வீடுகளுக்குப் பெயர் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் நான் கண்டிருக்கிறேன்.

நீண்ட பெயர் தன் பொருளைத் தானே சொல்லிவிடும். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்னும் விவிலியப் பெயரை ஏற்றார். 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும் எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருங்கிய வடிவமே லாசர் என்பதால், அதனைத் தமிழில் தேவசகாயம் என்று ஆக்கினார்கள். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருடைய பெயரை இம்மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேவன், சகாயம் என்று பிரித்த உடனே பொருள் கையில் வந்துவிடுகிறது. ஈரெழுத்துப் பெயரில் பிரித்துப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதே ஒலி நான்கு மொழிகளில் நான்கு வேறு பொருளோடு வழங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, ஒரு சிறிய பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்பதற்கு முன், அதை எந்த மொழியின் சொல்லாக நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். இதை எவ்வாறு செய்வது என்பதை, நம் ஊர்களில் அண்மைக் காலத்தில் அடிக்கடி காதில் விழும் நிலா என்ற பெயரை முன்னிறுத்தி விளக்குகிறேன். வேறு பெயர் மனத்தில் வைத்திருப்பவர்கள் அதற்கும் இதே வழியைப் பின்பற்றலாம்.

முதலில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள்

பெயர் தேடுபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் தேடுகிறார்கள். பிழை அங்கேயே தொடங்குகிறது. என், ஐ, எல், ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வரும் பெயர் நிலாவாகவும் இருக்கலாம், நீலாவாகவும் இருக்கலாம், நிளாவாகவும் இருக்கலாம். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் வேறுபாடும், லகர ளகர வேறுபாடும் தெரிவதில்லை. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று சொற்கள்.

நிலா என்பது திங்களையும் அதன் ஒளியையும் குறிக்கும் தமிழ்ச் சொல். நீலா என்பது கருநீல நிறத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் பெண்பால் வடிவம். மேலே சொன்ன நீலகண்ட பிள்ளையின் பெயரில் முதலில் நிற்பதும் அந்த நீலம்தான். வைணவ மரபில் திருமாலின் தேவியருள் ஒருவராகவும், நப்பின்னையோடு ஒன்றாகவும் கருதப்படும் நீளாதேவியின் பெயரும் இந்தக் கிளையைச் சேர்ந்தது. நிளா என்பதோ ஆற்றின் பெயர்: ஆனைமலைப் பகுதியில் தோன்றிப் பாலக்காடு வழியாக ஓடிப் பொன்னானியில் அரபிக் கடலில் கலக்கும் பாரதப்புழையைக் கேரளத்தார் நிளா என்றும் அழைக்கிறார்கள். இவை போதாவென்று, மலையாளத்தில் நில என்றால் நிலைமை, கட்டடத்தின் தளம் என்றெல்லாம் பொருள். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இருப்பவர்களுக்கும், திருவனந்தபுரத்தில் உறவு வைத்திருப்பவர்களுக்கும் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. பிள்ளையின் பெயரை எல்லைக்கு அப்பால் ஆங்கில எழுத்தில் படிக்கும் ஒருவர் ஆற்றை நினைப்பாரா, நிலவை நினைப்பாரா என்பது வீட்டிலேயே எழக்கூடிய கேள்வி. எனவே பெயரைத் தமிழில் எழுதி, குறில் நெடிலை அழுத்தி மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி, இதுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

அகராதியில் தேடும் முறை

குழந்தைப் பெயர்களைத் தொகுத்துத் தரும் இணையப் பட்டியல்களில் பொருள் என்ற தலைப்பின் கீழ் 'அழகானவள்', 'அமைதியானவள்', 'அன்பு நிறைந்தவள்' என்பன போன்ற சொற்களைக் காணலாம். இவை பொருள் அல்ல, வாழ்த்து. யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுக்க, அது பத்து இடங்களில் காணப்படுவதனாலேயே உண்மை போலத் தோன்றுகிறது. பொருள் வேண்டுமானால் அகராதிக்குத்தான் போக வேண்டும்.

தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இன்றும் முதற்கருவி. அச்சுத் தொகுதிகளை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் அதை இலவசமாகவும் தேடலாம். தலைச்சொல்லைக் கண்டவுடன் நின்றுவிடாமல் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். மலையாளம், தெலுங்கு முதலிய இன மொழிகளில் அச்சொல்லின் வடிவம் எது என்ற குறிப்பு இருக்கிறதா, வேறு மொழியிலிருந்து வந்ததாகச் சுட்டப்பட்டிருக்கிறதா, எந்த நூலில் அச்சொல் வருகிறது என்ற மேற்கோள் இருக்கிறதா என்பவை அவை. மூன்றாவதே மிக முக்கியம், ஏனெனில் மேற்கோளோடு கூடிய பொருள் புனைந்து சேர்க்கப்பட்டதாக இருக்க முடியாது. வடமொழிப் பெயராகத் தோன்றினால் 1899இல் வெளிவந்த மோனியர் வில்லியம்சின் சமற்கிருத அகராதியையும், மலையாளமாகத் தோன்றினால் 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் அகராதியையும் இணையத்தில் பார்க்கலாம். இவ்விரண்டும் ஆங்கிலத்தில் பொருள் சொல்பவை என்பதால், வீட்டில் கல்லூரிப் படிப்பு முடித்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வது நல்லது.

நிலா என்ற சொல்லுக்கு இவ்வழியில் கிடைப்பவை செழிப்பானவை. தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் நிலா என்ற சொல்லைப் பெயர் சுட்டியே எடுத்துக்கொண்டு, அது பிற சொல்லோடு சேரும்போது இடையில் 'அத்து' என்னும் சாரியை, அதாவது இணைப்பு அசை, பெறும் என்று தனி நூற்பா செய்கிறது. ஒரு பிள்ளையின் பெயர் தொல்காப்பியத்தில் அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கிடைப்பது எல்லாப் பெயருக்கும் வாய்ப்பதன்று. குறிலை அடுத்து வரும் ஆகாரம் குறுகி உகரம் ஏற்கும் என்று நன்னூல் கூறும் விதியால் நிலா என்பது நிலவு என்றும் ஆகும். இரா இரவு ஆவதும், கனா கனவு ஆவதும், சுறா சுறவு ஆவதும் இதே கணக்கு. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் சுறா நினைவில் நிற்கும், மற்றவர்களுக்குக் கனா.

பொருளில் ஒரு நுட்பம் உண்டு. இன்று நாம் வானத்தில் தெரியும் வட்டத்தை நிலா என்கிறோம். பழைய பாடல்களில் அந்த வட்டத்துக்குத் திங்கள், மதி முதலிய சொற்கள் வழங்க, நிலவு என்பது பெரும்பாலும் அதிலிருந்து பொழியும் ஒளியைக் குறித்தது. பறம்பை இழந்த பாரியின் மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112ஆம் பாடலின் முதலடியிலேயே இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே திங்கள் மாதத்தையும், வெண்ணிலவு அந்த நாளின் ஒளியையும் குறிக்கின்றன. கடற்கரையின் வெண்மணலை நிலவுக்கு ஒப்பிடுவதும் சங்கப் புலவர்களின் வழக்கம். (மணவாளக்குறிச்சியின் கருமணலை அவர்கள் பார்த்திருந்தால் உவமைக்கு வேறெங்காவது போயிருப்பார்கள்.) மலையாளத்தில் நிலாவு என்பது இன்றும் நிலவொளியையே குறிக்கிறது. தெலுங்கில் நெல என்பது திங்களையும் மாதத்தையும் குறிக்கிறது. ஆகவே நிலா என்ற பெயருக்குத் திங்கள் என்று பொருள் சொன்னாலும் தவறில்லை, நிலவொளி என்று சொன்னாலும் தவறில்லை; பழைமை நோக்கினால் இரண்டாவதற்கே சிறிது முந்துரிமை உண்டு. சித்திரைப் பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் மேற்கே கதிரவன் மறையும் வேளையில் கிழக்கே முழுநிலவு எழுவதைப் பார்த்துவிட்டு வந்து பெயர் வைப்பவர்கள் முதற்பொருளையே வைத்துக்கொள்ளட்டும்.

பிறப்பிடத்தை அறியும் சில குறிகள்

அகராதி கையில் இல்லாதபோது முதல் எழுத்தே ஒரு குறியைக் காட்டிவிடும். தமிழ்ச் சொற்கள் ர, ல, ட, ண, ள, ழ, ற, ன ஆகிய எழுத்துகளில் தொடங்குவதில்லை. ஆகவே ரியா, லியா, ரூபா போன்ற பெயர்கள் வேறு மொழியிலிருந்து வந்தவை என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் இருந்தாலும் அவ்வாறே. இந்தச் சோதனை தமிழ் அல்லாததைக் காட்டுமே தவிர, வேறு எது என்று காட்டாது. அதுபோலவே, தமிழ் எழுத்தில் தொடங்கும் எல்லாமும் தமிழாகிவிடாது.

மீனா என்ற பெயரில் இந்தச் சிக்கலை நன்கு காணலாம். இறுதியில் ஆகாரம் நிற்பதனால் அது வடமொழி போலத் தோன்றுகிறது. வடமொழியில் மீன என்ற சொல்லும் உண்டு. ஆனால் அந்த வடசொல்லே தமிழ் முதலிய திராவிட மொழிகளின் மீன் என்பதிலிருந்து சென்றது என்பது மொழியியலார் பலரின் முடிபு. அப்படியானால் மீனா, வெளியூர் சென்று திரும்பி வந்த நம் வீட்டுப் பெண். மதி என்ற பெயரில் இரு வேர்கள் வந்து கூடுகின்றன. திங்களைக் குறிக்கும் மதி ஒன்று, அறிவைக் குறிக்கும் வடசொல்லான மதி மற்றொன்று. பெற்றோர் எதை நினைத்து வைத்தாலும் மற்றதும் கூடவே வந்துவிடும், அதனால் கேடு ஒன்றும் இல்லை.

தியா என்ற பெயருக்கு இன்னும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தில் ஒரே தகரம்தான். வட இந்தியாவில் விளக்கைக் குறிக்கும் தியா என்ற சொல்லையும், அறிவைக் குறிக்கும் தீ என்ற வடசொல் 'அறிவால்' என்ற பொருளில் தியா என்று வேற்றுமை ஏற்று நிற்கும் வடிவத்தையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுவோம். பெயர்ப் பட்டியல் ஒன்று விளக்கு என்றும் மற்றொன்று அறிவு என்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான். எந்த ஒலியை நாம் எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமல் இரண்டையும் சேர்த்துப் பொருளாகச் சொல்வது முறையன்று.

கிறித்தவக் குடும்பங்களில் இப்போது பரவலாகக் கேட்கும் லியா, தமிழ் விவிலியத்தில் லேயாள் என்று வரும் யாக்கோபின் மனைவியின் பெயரிலிருந்து வருவது. அதற்குச் சோர்வுற்றவள் என்றும், காட்டுப் பசு என்றும் அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். அவளுடைய தங்கை ராகேலின் பெயருக்குப் பெண் ஆடு என்று பொருள். மேய்ச்சல் தொழில் செய்த மக்களிடையே இவை அருமையான பெயர்கள், ஆனால் இன்றைய பட்டியல்களில் இப்பொருள்களைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஈவா என்பது ஏவாளின் பெயரே. எபிரேயத்தில் உயிர், வாழ்வு என்ற சொல்லோடு தொடர்புடையது. இசுலாமியக் குடும்பங்கள் ரியா என்ற பெயரை எடுக்கும்போது கட்டாயம் ஒருமுறை தயங்க வேண்டும். அரபியில் அதே ஒலியுடைய சொல் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் பகட்டான வழிபாட்டைக் குறிக்கிறது, மார்க்க நூல்கள் அதைக் குற்றமாகவே கருதுகின்றன. நூர் போன்ற பெயர் ஈரெழுத்தில் முடிவதோடு, ஒளி என்ற ஐயமற்ற பொருளையும் தருகிறது.

ஈறு ஆகாரமாக இருந்தால் பெண் பெயர் என்று நாம் எண்ணிக்கொள்வதும் வடமொழிப் பழக்கமே. பழந்தமிழ் அத்தகைய வடசொற்களைச் சீதை, கங்கை, மாலை என்று ஐகாரமாக்கியே ஏற்றது. நிலா, கனா, பலா முதலிய தமிழ்ச் சொற்களின் ஆகாரத்துக்கும் பாலுக்கும் உறவில்லை. நிலா பெண்பெயராக நிலைத்திருப்பது வழக்கினால்தான். ஆண்பிள்ளைக்கு வேண்டுமென்றால் நிலவன் என்ற வடிவம் இருக்கிறது. ஆகார ஈற்று ஆண்பெயருக்கு நம் மாவட்டமே சான்று. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்து, சொரிமுத்து என்ற பெயரோடு வளர்ந்து, பொதுவுடைமை இயக்கத் தலைவராகத் தமிழகம் முழுவதும் ஜீவா என்று அறியப்பட்ட ப. ஜீவானந்தத்தைச் சொல்கிறேன். ஜீவன் என்றால் உயிர், ஆனந்தம் என்றால் இன்பம். தனித்தமிழ்ப் பற்று மேலோங்கியிருந்த காலத்தில் அதையே அவர் உயிரின்பன் என்று ஆக்கிக்கொண்டார். ஒரு பெயரின் பொருளைத் தெரிந்து வைத்திருந்தால் அதை மொழி மாற்றிக்கொள்ளவும் முடியும் என்பதற்கு, தேவசகாயத்துக்கு அடுத்து நான் எடுத்துக்காட்டும் பெயர் இது. இன்று ஜீவா என்று பெயர் வைப்பவர்கள் ஆணுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள்.

வாயில் வைத்துப் பார்த்தல்

எழுத்தில் நிலா என்று இருப்பது தெருவில் நெலா என்று ஆகிவிடும். இலை எலை ஆவதும், நிலம் நெலம் ஆவதும் போன்ற பேச்சு இயல்பு இது. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. பிள்ளையை வாசலில் நின்று அழைப்பது போலவே ஒருமுறை உரக்க அழைத்துப் பாருங்கள். 'நிலா மக்ளே, இஞ்ச வா' என்பதில் ஆகாரம் நீண்டு ஒலிப்பதால் இந்தப் பெயர் தூரத்துக்கும் கேட்கிறது. யாப்பு முறையில் சொன்னால் குறிலும் நெடிலும் சேர்ந்த நிரையசை அது. முன் எழுத்தில் அடி வைத்து அடுத்த எழுத்தில் தாவும். இரண்டும் குறிலாக முடியும் பெயர்கள், குறிப்பாக மதி போன்றவை, அழைக்கும்போது தாமாகவே ஈறு நீண்டு 'மதீ' என்று மாறும். இது குறையன்று, ஆனால் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

தலைப்பெழுத்தோடும் சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஈரெழுத்துப் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, நீண்ட பெயருக்கு முன்னால் நிற்பதைவிடப் பலமாக ஒலிக்கும். சில தலைப்பெழுத்துகள் பெயரோடு ஒட்டி வேறு சொல்லாகிவிடும். வகுப்பறையில் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் கூட ஆகாது.

சமய முறைகளும் ராசி எழுத்துகளும்

நட்சத்திரப் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று கருதும் குடும்பங்களுக்கு, ந, நி, நு, நே ஆகிய எழுத்துகள் அனுஷத்துக்கு உரியவை என்பது போதுமான செய்தி. கத்தோலிக்கத் திருமுழுக்கைப் பொறுத்தவரை, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறித்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாமல் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கூறுகிறது. புனிதர் பெயர் மட்டுமே வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. நிலா என்ற பெயருக்கு அதில் தடையில்லை. புனிதர் பெயரும் வேண்டும் என்று விரும்புவோர் திருமுழுக்குப் பதிவேட்டில் அதைச் சேர்த்துக்கொண்டு, வீட்டிலும் பள்ளியிலும் நிலாவை வழங்குகிறார்கள். அவ்வாறு செய்தால் பின்னாளில் ஆலயச் சான்றும் பிறப்புச் சான்றும் வேறுபடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எண் கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தில் ஓர் ஏயையோ ஓர் எச்சையோ கூட்டுவது பொருளையோ பிறப்பிடத்தையோ மாற்றாது. அதைச் செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம். ஆனால் கூட்டிய எழுத்தைச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டிய பொறுப்பைப் பிள்ளைதான் வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

பரவலை எப்படி அறிவது

'இந்தப் பெயர் மிகவும் பிரபலம்', 'இது அரிய பெயர்' என்று பட்டியல்கள் சொல்வதை அப்படியே நம்ப இயலாது. நம் நாட்டில் பிறப்புப் பதிவுகளிலிருந்து பெயர்வாரியான தரவரிசை ஆண்டுதோறும் வெளியிடப்படுவதில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை அது விட்டுவிடுகிறது. நமது கைப்பேசியில் தெரியும் பரவல் வரைபடங்களில் பல அந்தப் பட்டியலையோ, அந்தந்தத் தளத்துக்கு வந்தவர்கள் எத்தனை முறை தேடினார்கள் என்ற கணக்கையோ அடிப்படையாகக் கொண்டவை. தோவாளைப் பூச்சந்தையில் இன்று பிச்சிப்பூ என்ன விலை என்று தெரிந்துகொள்ள நியூயார்க் சந்தை நிலவரத்தைப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும். நிலா என்ற எழுத்துக்கூட்டல் அங்கே இருப்பது தமிழர்களால் மட்டும் அன்று. சிறுவர்களுக்கான வானொலி நாடகங்களால் அமெரிக்காவில் அறியப்பட்ட நிலா மாக் என்பவர் 1891இல் பிறந்தவர். அவருடைய பெயருக்கும் நம் நிலவுக்கும் தொடர்பில்லை. ஆக, அங்கே ஓர் எண் ஏறினாலும் இறங்கினாலும் அதிலிருந்து குளச்சலையோ குலசேகரத்தையோ பற்றி எதுவும் தெரியாது.

உள்ளூரில் பரவலை அறிய எளிய வழிகள் இருக்கின்றன. தேர்தல் ஆணையம் வெளியிடும் வாக்காளர் பட்டியலை உங்கள் வாக்குச்சாவடிக்கு எடுத்துப் பார்த்தால், 18 வயதுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் வயதோடு கிடைக்கும். அதில் நிலா என்ற பெயர் எந்த வயதினரிடம் காணப்படுகிறது, எந்த வயதுக்கு மேல் காணாமல் போகிறது என்று பார்த்தாலே, அந்த ஊரில் பெயர் எப்போது நுழைந்தது என்பது தெரியும். வாக்காளர் பட்டியல் முந்தைய தலைமுறையின் கணக்கு என்பதால் இன்றைய நிலையை அது சொல்லாது. அதற்கு அங்கன்வாடிப் பணியாளர், மழலையர் பள்ளி ஆசிரியை, திருமுழுக்குப் பதிவேடு எழுதும் உபதேசியார் ஆகிய மூவரில் ஒருவரிடம், இந்த வகுப்பில் இந்தப் பெயரில் எத்தனை பேர் என்று கேட்டால் போதும். அவர்கள் பதிவேட்டைத் திறக்காமலேயே சொல்லிவிடுவார்கள். முதல் பிறந்தநாளுக்குச் சாலையோரம் கட்டப்படும் பிளெக்ஸ் பலகைகளையும் நான் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வந்தால், இவ்வாண்டு எந்தப் பெயர் ஓங்கியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

பரவலாக இருப்பது குறையா என்ற கேள்விக்கு என் விடை, பெயரின் நீளத்தைப் பொறுத்தது என்பதே. ஒரே வகுப்பில் இரண்டு தேவசகாயங்கள் இருந்தால் ஒருவரைத் தேவா என்றும் மற்றவரைச் சகாயம் என்றும் அழைத்துச் சமாளித்தார்கள். இரண்டு நிலாக்கள் இருந்தால் சுருக்க இடமில்லை. தலைப்பெழுத்தே இருவரையும் பிரிக்கும், அதுவும் ஒன்றாக அமைந்தால் பெரிய நிலா, சின்ன நிலா என்றுதான் ஆகும். இதை விரும்பாதவர்கள் வெண்ணிலா, நிலவழகி, இளநிலா போன்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பதிவில் முழுப்பெயராக வைத்துக்கொண்டு, வீட்டில் நிலா என்றே அழைக்கலாம். சிறிய பெயரும் கிடைக்கும், பிரித்துப் பொருள் சொல்லக்கூடிய பெரிய பெயரும் கிடைக்கும் என்பதால் நான் இதையே பெரிதும் பரிந்துரைக்கிறேன்.

பதிவு செய்யும்போது

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாட்களுக்குள், குழந்தை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். பெயரை அந்த 21 நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். 28ஆம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கில் பெயர் சொல்லும் குடும்பங்கள் மருத்துவமனையில் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே அதில் ஏறும் எழுத்துதான் பிள்ளையோடு கடைசி வரை போகும்.

எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு, விண்ணப்பத்தில் நிலா என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தும் சான்றிதழில் நீலா என்று அச்சாகி வந்தது. மேல்விலங்கில் ஒரு சுழி கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலப் பகுதி சரியாக இருந்ததால் நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. திருத்தத்துக்கு அலைந்த நாட்களை எண்ணினால், அச்சிடும் முன் திரையில் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்று தோன்றும். நீண்ட பெயரில் ஒரு சுழி தவறினாலும் பெயர் அடையாளம் தெரியும். ஈரெழுத்துப் பெயரில் ஒரு சுழி தவறினால் அது வேறொரு பெண்ணின் பெயராகிவிடும். எனவே தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒற்றை ஏயோடு முடிப்பதே போதும் என்பது என் கருத்து. இறுதியில் இரண்டு ஏ வைத்தால் ஆகாரம் நீள்வது தெரியும். ஆனால் முதலெழுத்தின் குறிலை அது காப்பாற்றாது, படிப்பவர் நீலா என்றே படித்தாலும் படிப்பார். வளைகுடாவில் அரபி எழுத்தில் பெயர் மாற்றி எழுதப்படும்போதும் பெரும்பாலும் நீலா என்றே ஒலிக்கும் வடிவம்தான் கிடைக்கும். அங்கே நீல் என்றால் அவுரிச் சாயம் என்பதால் கேட்பவர் நிறத்தையே நினைப்பார். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டியிருப்பதால், பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரோ தாயின் பெயரோ முழுமையாக வரும். அதையும் இப்போதே ஒரு தாளில் எழுதி, இரு பெயர்களின் எழுத்துக்கூட்டலும் பெற்றோருடைய ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்து, அந்தத் தாளையே விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்பது நல்லது.